ஒச்சம்மா போட்ட சூடு

புதுசாக ஆஸ்பத்திரி வேலைக்குச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். டாக்டர்களும் நர்சுகளும் எழுதுகிற இடத்தில் என்னையும் கேட்டதில் எனக்குச் சந்தோஷம். அதில் ஆச்சரியப்படவும் ஒன்றுமில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு ஆயாவாக இருந்து, தலை நரைத்து, மாலை போட்டு அனுப்பி வைக்கப்பட்டவள் நான். அஞ்சாம் வகுப்பைத் தாண்டவில்லை. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்துகிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும். சேதியைத் திருத்த வேண்டாம்.

ஊசி போடவோ, சலைன் ஏற்றவோ நான் உங்களுக்குச் சொல்லித் தர முடியாது. அதெல்லாம் நீங்கள் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். நான் சொல்லப் போவது ஒரு காய்ச்சல்காரியைப் பற்றி. பெயர் ஈஸ்வரி.

அதற்கு முன்னால் அந்தக் காய்ச்சலைப் பற்றி இரண்டு வார்த்தை.

மழை ஓய்ந்து பனி இறங்குகிற காலத்தில் எங்கள் வார்டில் கால் வைக்க இடம் இருக்காது. ஒரு கட்டிலில் இரண்டு பேர், கட்டிலுக்குக் கீழே ஒருத்தி என்று கிடப்பார்கள். பாதிப் பேர் ஏலத்தோட்டத்து வேலைக்காரிகள். விடியும் முன்னே ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறி, கேரளா பக்கம் ஏலச்செடிக்குள் குனிந்து நின்றுவிட்டு, பொழுது சாய இறங்கி வருகிறவர்கள். யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அப்போதெல்லாம் டெங்கு என்ற ஒரு பேச்சுத்தான். பேப்பரிலும் அதுதான், டீக்கடையிலும் அதுதான்.

வெளியூரில் படித்துவிட்டு ஒரு சின்ன டாக்டர் வந்து சேர்ந்தார். அவர்தான் முதன்முதலில் எங்களைக் கூட்டிவைத்துச் சொன்னார். "புல்லுலயும் புதர்லயும் ஒரு பூச்சி இருக்கு. கண்ணுக்குத் தெரியாது. கடிச்சா வலிக்காது, அரிக்காது. கடிச்ச இடத்துல மட்டும் சிகரெட்டால சுட்ட மாதிரி கருப்பா ஒரு பொருக்கு இருக்கும். பொம்பளைங்களுக்குப் பெரும்பாலும் துணி மறைக்கிற இடத்துலதான் இருக்கும். அதை நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லிட்டா, மாத்திரையிலயே காய்ச்சல் இறங்கிடும். கண்டுபிடிக்கலைன்னா நுரையீரல், கிட்னி, மூளைன்னு ஒவ்வொண்ணாப் பிடிக்கும்."

ஸ்க்ரப் டைபஸ் என்று பெயர் சொன்னார். உண்ணிக் காய்ச்சல் என்று இப்போது பேப்பரில் போடுகிறார்களே, அதுதான். நான் அதற்குக் கருப்புக் காய்ச்சல் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

ஆண் டாக்டர் தேட முடியாத இடமெல்லாம் என் பொறுப்பாகிவிட்டது. கட்டிலைச் சுற்றி மறைப்பை இழுத்துவிட்டு, அக்குள், மார்புக்குக் கீழே, தொடையிடுக்கு, காதுக்குப் பின்புறம் என்று டார்ச் லைட் அடித்துத் தேடுவேன். ஜீப்புக்காரிகள் சும்மா இருப்பார்களா?

"ஏத்தா ஆயா, என்னையக் கட்டுனவன்கூட இம்புட்டு நேரம் பாத்ததில்ல. அப்படி என்னத்தத் தேடுற?"

"உன்னையக் கட்டுனவன் ஒளிச்சு வச்ச புதையலைத் தேடுறேன். கையைத் தூக்குடி."

காய்ச்சலில் கிடக்கிறவள்கூடச் சிரித்துவிடுவாள். அப்படித் தேடித்தேடி எத்தனையோ பேருக்குக் கண்டுபிடித்தேன். அவர்களெல்லாம் நடந்தே வீட்டுக்குப் போனார்கள். பஸ்ஸில் பார்த்தால் இன்றைக்கும் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். இந்தக் கை அவ்வளவு வேலை பார்த்திருக்கிறது. ஆகையால், எங்களுக்குத் தெரியாத நோயால் ஈஸ்வரி போனாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எங்களுக்கு நன்றாகத் தெரிந்த நோயால்தான் போனாள்.

எங்கள் வார்டுக்குப் பெரிய சிஸ்டர் ஒருவர் இருந்தார். ராயப்பன்பட்டிக்காரர். பெயர் சொல்ல மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. நோயாளியை எப்படிப் புரட்ட வேண்டும், பிணத்தை எப்படித் தொட வேண்டும், அழுகிற தாய்க்கு முன்னால் எங்கே நிற்க வேண்டும், எல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். அவரைப் போல ஒரு நர்ஸை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அவருக்கு ஆகாத விஷயம் ஒன்று உண்டு. சூடு. எங்கள் பக்கம் காமாலை, தீராத காய்ச்சல் என்றால் விரலி மஞ்சளை விளக்குத் தீயில் கருக்கி வயிற்றில் வைத்து எடுப்பார்கள். வட்டமாகப் பொருக்குத் தட்டும். சிஸ்டர் வேலைக்கு வந்த புதிதில், வயிறெல்லாம் சூடு போட்டுப் புண் சீழ் பிடித்த ஒரு கைக்குழந்தை அவர் மடியிலேயே போயிருக்கிறது. அதிலிருந்து சூட்டுத் தழும்பைக் கண்டால் அவர் வேறு ஆளாகிவிடுவார். போட்டவள் யாராக இருந்தாலும் வார்டே கேட்க வாங்கிக் கட்டிக்கொள்வாள். இனிமேல் போடாமல் இருக்கட்டும் என்றுதான் ஏசுவார். நாங்களும் அது சரிதான் என்றே இருந்தோம்.

ஈஸ்வரி சுருளிப்பட்டிப் பக்கத்துக்காரி. சின்ன வயசு. இடுப்பில் தூக்கி வைக்கிற பருவத்தில் ஒரு பெண் குழந்தை. புருஷன் தங்கராசு திராட்சைத் தோட்டங்களுக்கு மருந்தடிக்கப் போகிறவன். இவள் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போகிறவள். காய்ச்சல் விடாமல் அடித்ததும் மாமியார் ஒச்சம்மாதான் ஆட்டோ வைத்துக் கூட்டி வந்தாள். நல்ல உயரம், வாட்டசாட்டமான உடம்பு, காது நிறையத் தண்டட்டி. மருமகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தபோது, பெற்ற தாய் என்றுதான் நான் நினைத்தேன்.

மறைப்பை இழுத்துவிட்டுச் சேலையைத் தளர்த்தினோம். வயிற்றில் கருப்புக் கருப்பாகப் பொருக்கு. சிஸ்டர் முகம் மாறிவிட்டது.

"யாரு போட்டது இது?"

"நாந்தேன் தாயி. காமாலையா இருக்குமோன்னு மஞ்சக்கெழங்கைக் கருக்கி…"

"நாந்தேன்னு சொல்றதைப் பாரு. நீ மனுசியா? காய்ச்சல்ல வெந்துக்கிட்டு இருக்கிற பிள்ளையை நீ வேற சுட்டுக் கூட்டிட்டு வந்திருக்க. இவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீ சுட்டுத்தேன் ஆச்சு, பாத்துக்க!"

"அதில்ல தாயி, நான் வந்து…"

"வாயைத் தொறக்காத. ஆயாம்மா, இந்தம்மாவை வெளிய கூட்டிட்டுப் போங்க."

நான் கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன். வார்டில் கிடந்த ஜீப்புக்காரிகள் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வாசலில் வாட்ச்மேன், "சூட்டு டாக்டரம்மா வாராக, வழி விடுங்க" என்றான். சிரிப்பு எழுந்தது. ஒச்சம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சைக்கிள் நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

உள்ளே வந்து நான் வழக்கம்போலத் தேடினேன். அக்குளில் பார்த்தேன், மார்புக்குக் கீழே பார்த்தேன், தொடையிடுக்கில் பார்த்தேன். ஒன்றுமில்லை. வயிற்றில் தேடவில்லை. வயிற்றில் இருப்பது என்னவென்றுதான் எங்களுக்கு முன்பே தெரிந்துவிட்டதே.

சின்ன டாக்டர் வந்து கேட்டார். "கருப்புப் பொருக்கு ஏதாவது?"

"சூட்டுக் காயந்தேன் டாக்டர். வேற ஒண்ணும் இல்ல" என்றார் சிஸ்டர்.

அவரும் எட்டிப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார். டெங்குச் சோதனையில் மங்கலாக ஒரு கோடு விழுந்திருந்தது. பிளேட்லெட்டும் இறங்கியிருந்தது. அதனால் டெங்கு என்றே முடிவு பண்ணி, சலைன் ஏற்றிக் கண்காணித்தார்கள். இப்போது சந்தேகம் என்றாலே அந்த மாத்திரையைக் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு சொட்டு ரத்தத்தை விட்டால் சொல்லிவிடுகிற கார்டும் வந்துவிட்டது. அன்றைக்கு எங்களுக்கு அந்தப் பொருக்குத்தான் கார்டு.

ஒச்சம்மா அங்கனயே கிடந்தாள். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கேட்பாள்.

"ஏத்தா, கஞ்சி குடிச்சாளா?"

"குடிச்சா, குடிச்சா."

"முழிச்சுப் பாத்தாளா?"

"பாத்தா."

"உள்ள வந்து ஒரு எட்டுப் பாத்துட்டுப் போயிரவா?"

"சிஸ்டர் வைவாக. பேசாம இரு."

அதற்கு மேல் கேட்க மாட்டாள். தங்கராசு வேலை முடிந்து வந்து எட்டிப் பார்ப்பான். தாயிடம் பேசமாட்டான். சிஸ்டர் ஏசியது அதற்குள் அவன் காதுக்குப் போயிருந்தது.

ஈஸ்வரிக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. மூச்சு வாங்க ஆரம்பித்தது. குழந்தை பெயரைச் சொல்லிப் பிதற்றினாள். அன்று ஞாயிற்றுக்கிழமை. சிஸ்டர் மாதா கோயிலுக்குப் போயிருந்தார். என்னோடு வேலை பார்க்கிறவளும் லீவு. ஈஸ்வரிக்குத் துணி மாற்ற வேண்டும், ஒற்றை ஆளாகப் புரட்ட முடியவில்லை. வெளியே போய், "ஒச்சம்மா, வா, ஒரு கை பிடி" என்றேன்.

அவள் எழுந்து வந்த வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

வெந்நீரில் துணியை நனைத்து அவள்தான் துடைத்தாள். கழுத்து, மார்பு, வயிறு என்று வந்த கை இடுப்பில் நின்றது. பாவாடை நாடா இறுக்குகிற இடம். அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றித் துடைத்தாள்.

"ஏத்தா, இதுக்கு மருந்து ஏதும் போட்டீகளா?"

"எதுக்கு?"

"இந்தக் கருப்புக்கு."

"நீ போட்ட சூட்டுக்கு நாங்க என்ன மருந்து போட?"

"இதை நான் போடலையே."

நான் குனிந்து பார்த்தேன்.

"நான் போட்டது தொப்புளுக்கு அங்கிட்டு ஒண்ணு, இங்கிட்டு ஒண்ணு. சோடியாத்தேன் போடுவோம். புள்ளை பெறுற பொம்பளைக்கு நாடா கட்டுற எடத்துல எவளாச்சும் சூடு போடுவாளா? கர்ப்பப்பை காஞ்சு போகாது?" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நான் சூடு போடையிலயே இது இருந்துச்சுத்தா. அன்னைக்கு அதைச் சொல்லத்தேன் வாயெடுத்தேன்."

சோடியாகப் போடுவதும் நாடா கட்டுகிற இடத்தில் போடாததும் எனக்கும் தெரிந்த முறைதான். நான் அமெரிக்காவிலா பிறந்தேன்? இருந்தும் மூன்று பேர் கண்ணுக்கும் அது படவில்லை. கோபமாகப் பார்த்தோம். கோபத்தில் எல்லாக் கருப்பும் ஒரே கருப்பாகத்தான் தெரிந்தது. டார்ச்சை அடித்தால், பக்கத்தில் இருந்த இரண்டும் காய்ந்து உதிர்கிற பதத்தில் இருக்கின்றன, இது மட்டும் ஓரம் சிவந்து குழிந்து கிடக்கிறது.

டாக்டரைக் கூப்பிட ஓடினேன். சோற்றில் கை வைத்திருந்தவர் அப்படியே எழுந்து வந்தார். பார்த்தார்.  மருந்தைக் கலக்கச் சொன்னார், ஆக்சிஜன் வைக்கச் சொன்னார், ஆம்புலன்சுக்குச் சொல்லி தேனிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அவரும் வண்டியில் ஏறிக்கொண்டார். டாக்டர்கள் அப்படி ஏறுவது வழக்கமில்லை.

மறுநாள் மதியத்துக்கு முன்னே ஈஸ்வரி போய்விட்டாள். மருந்து பிடிப்பதற்குள் உடம்பு கைவிட்டுவிட்டது. திரும்பி வந்த டாக்டர் மருந்து அறை வாசலில் நின்று, "வந்த அன்னைக்கே குடுத்திருந்தா நடந்தே போயிருப்பா" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. சிஸ்டர் உள்ளே பஞ்சைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். கத்தரிக்கோல் நின்றது. பிறகு மறுபடியும் ஓடியது.

இதோடு முடிந்திருந்தால் நான் உங்களுக்கு எழுதியிருக்கவே மாட்டேன். வார்டில் சாவு புதிதில்லை.

ஊரில் என்ன ஆனதென்று ஜீப்புக்காரிகள் மூலம்தான் தெரிந்தது. மாமியார் சூடு போட்டுக் கொன்றுவிட்டாள் என்று பேசிக்கொள்கிறார்களாம். நர்ஸம்மா வார்டில் வைத்தே அப்படிச் சொன்னதைக் காதால் கேட்டோம் என்று இவர்களே சாட்சி சொல்லியிருக்கிறார்கள். தங்கராசு தாயை வீட்டுக்குள் விடுவதில்லை. அடுப்படிப் பக்கம் போகக்கூடாது, பேத்தியைத் தொடக்கூடாது. மாட்டுக் கொட்டத்தில் கிடக்கிறாள். பக்கத்து வீட்டில் தருகிற கஞ்சியைக் குடிக்கிறாளாம்.

கருமாதி முடிந்து கொஞ்ச நாளில் ஒச்சம்மாவே வந்தாள். ஆஸ்பத்திரிக்குள் வரவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றாள். தண்டட்டியைக் கழற்றியிருந்தாள். காது இரண்டும் தொங்கிக் கிடந்தது. வாட்ச்மேன் இந்த முறை எதுவும் சொல்லவில்லை. நான் போய்ச் சிஸ்டரைக் கூட்டி வந்தேன்.

"தாயி, ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிர்றேன். நான் போட்ட சூட்டாலயா எம் மருமக செத்தா?"

பிள்ளைகளே, இந்தக் கேள்விக்கு எத்தனையோ பதில் சொல்லலாம். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அந்த ஊரில் இனி யாரும் மஞ்சளைக் கருக்க மாட்டார்கள். சிஸ்டர் இத்தனை வருஷமாகத் தொண்டை கிழியக் கத்தியது பலித்துவிடும். ஆஸ்பத்திரிக்கும் ஒரு பொல்லாப்பும் இல்லை. விதி என்று சொல்லியும் அனுப்பியிருக்கலாம்.

"இல்ல. அதால சாகல" என்றார் சிஸ்டர்.

ஒச்சம்மா கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப அதை எம் மகன்கிட்ட வந்து சொல்லுவீகளா? நீங்க சொன்னதைத்தேன் அவன் புடிச்சுக்கிட்டு நிக்கிறான். நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறான். பேத்தி என்னையத் தேடி அழுகுது தாயி."

சிஸ்டர் "பாப்போம், போ" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

விஷயம் அரை மணியில் ஆஸ்பத்திரி முழுக்கப் பரவிவிட்டது. மருந்து கொடுக்கிறவர் வந்து, "சிஸ்டர், கிறுக்குத்தனம் பண்ணாதீக. தப்பு நம்ம மேலன்னு நீங்களே ஊருக்குள்ள போயிச் சொன்னா, நாளைக்கு ரோட்டை மறிப்பாக. நீங்க ரிட்டையர் ஆகப் போற நேரம்" என்றார். ஆபீஸில் இருந்தும் ஆள் வந்து அதையே நயமாகச் சொன்னார். சின்ன டாக்டர் மட்டும், "நானும் வர்றேன் சிஸ்டர்" என்றார். "வேணாம் டாக்டர். நீங்க வந்தா அது ஆஸ்பத்திரி போனதா ஆகும். ஏசுன வாய் என்னுது" என்றார் சிஸ்டர். அப்புறம் என்னைப் பார்த்து, "ஆயாம்மா, வாறீகளா?" என்று கேட்டார்.

வெள்ளை உடுப்போடுதான் வந்தார். சேலை மாற்றிக்கொள்ளுங்கள் என்றேன், கேட்கவில்லை. டவுன் பஸ்ஸில் போய் இறங்கினோம்.

தங்கராசு வீட்டு வாசலில் உட்கார்ந்து மருந்தடிக்கிற மெஷினைக் கழுவிக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் எழுந்தான். குழந்தை அவன் காலைப் பிடித்துக்கொண்டு நின்றது. கொட்டத்துப் பக்கமிருந்து ஒச்சம்மா வந்து சுவரோரம் நின்றாள். வெள்ளை உடுப்பைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கம் கூடிவிட்டது.

சிஸ்டர் உட்காரவில்லை.

"தம்பி, உங்கம்மா சூடு போட்டது தப்பு. அதை இப்பவும் சொல்லுவேன், எப்பவும் சொல்லுவேன். ஆனா ஈஸ்வரி அதால சாகல. பூச்சி கடிச்ச காயம் ஒண்ணு தனியா இருந்துச்சு. அதைப் பாத்திருந்தா எங்ககிட்ட மருந்து இருந்துச்சு. உங்கம்மா அதைப் பாத்திருக்காக. என்கிட்ட சொல்ல வந்தாக. நான் சொல்ல விடல."

 கூட்டத்தில் ஒருவன், "கேட்டியாடா தங்கராசு? அவுக வாயாலயே ஒத்துக்கிட்டாக. ஏலே, போயி நாலு ஆளைக் கூப்பிடுங்கடா!" என்று குரல் கொடுத்தான். இரண்டு பேர் முன்னால் வந்தார்கள். நான் சிஸ்டருக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். என்னைத் தள்ளிவிட்டுத்தான் அவரைத் தொட வேண்டும் என்று நினைத்தேன். சிஸ்டர் என் தோளைப் பிடித்து ஓரமாக விலக்கினார்.

தங்கராசு அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. தாயைத்தான் பார்த்தான்.

"ஏம்மா, நீ ஏன் அன்னைக்கே கத்திச் சொல்லல? தண்ணிக் குழாயில உன் வாயை மிஞ்ச இந்த ஊர்ல ஆள் கிடையாது. வட்டிக்காரனையே வாசல்ல நிக்க வச்சு விரட்டுனவ நீ. அன்னைக்கு மட்டும் எங்கம்மா போச்சு அந்த வாயி?"

ஒச்சம்மா சிஸ்டரை ஒரு பார்வை பார்த்தாள். அதில் குற்றம் சொல்கிற பார்வையே இல்லை. சொல்லலாமா என்று கேட்கிற பார்வைதான் இருந்தது.

"எதுத்துப் பேசுனா, அவளைப் பாக்காம விட்டுருவாகளோன்னு பயந்துட்டேன்யா."

முன்னால் வந்தவர்கள் நின்றுவிட்டார்கள்.  மெஷினிலிருந்து தண்ணீர் வாசலில் ஓடிக்கொண்டிருந்தது. தங்கராசு அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் எத்தனையோ வருஷம் ஆஸ்பத்திரி வாசலில் நின்றவள். கையைக் கட்டிக்கொண்டு, சொன்னதற்கெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டு நிற்கிற சனங்களை மரியாதை தெரிந்தவர்கள் என்று நினைத்திருந்தேன். சண்டை போடுகிறவர்களை மட்டம் என்று நினைத்திருந்தேன். ஒச்சம்மா சொன்னதைக் கேட்ட பிறகுதான், தலையாட்டுகிறவர்கள் எதைப் பணயம் வைத்து நிற்கிறார்கள் என்று தெரிந்தது. உங்கள் கையில் இப்போது கார்டு இருக்கிறது, கம்ப்யூட்டர் இருக்கிறது, மாத்திரைக்குத் தட்டுப்பாடு இல்லை. அதெல்லாம் இருந்தும், கூட வந்த பொம்பளை ஒரு வார்த்தை சொல்ல வாயெடுத்தால், அதை முடிக்க விடுங்கள். ஏச வேண்டியிருந்தால் அப்புறம் ஏசிக்கொள்ளலாம். ஏசுவதற்கு நேரம் எப்போதும் இருக்கும்.

கூட்டம் கலைந்த பிறகு ஒச்சம்மா சுவரை விட்டு நகர்ந்தாள். "வெயில்ல வந்திருக்காக, ஒரு வாய் காப்பி போடுறேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, மகனைப் பார்க்காமலே நிலைப்படியைத் தாண்டி அடுப்படிக்குள் போனாள். குழந்தை அவள் பின்னாலேயே ஓடியது. தங்கராசு தடுக்கவில்லை. மன்னித்தானா என்று எனக்குத் தெரியாது. தடுக்கவில்லை, அவ்வளவுதான் நான் பார்த்தது. எங்களையும் அவன் மன்னித்ததாகச் சொல்லவில்லை. காப்பியை வாங்கி எங்கள் கையில் கொடுத்துவிட்டு, மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. சிஸ்டர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கம்பம் நெருங்குகிற வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"இத்தனை வருசமா நம்ம வார்டுதான் சண்டை சத்தமே இல்லாத அமைதியான வார்டுன்னு எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன், ஆயாம்மா."